கேக் எண்ணெய் குடிக்குமா?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். கீழே மலிவு விற்பனைக்கு ஒலிபெருக்கி அலறும். மேலே நாங்கள் இலக்கியம் பேசுவோம். பேச ஆள் கிடைக்காத மாதங்களில் என்னைக் கூப்பிடுவார்கள். எந்தக் கதையைக் கொடுத்தாலும் நான் அதைக் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துவேன். வெளியே தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவுவதுதான் இலக்கியத்தின் வேலை. இதைச் சொல்லும்போது என் குரல் தானாகவே தணிந்துவிடும். முன்வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கண்ணை மூடித் தலையாட்டுவார். அவர் தூங்குகிறார் என்று பின்வரிசையில் பேசிக்கொள்கிறார்கள். தோற்றத்தை நம்பக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

என் பிழைப்பு மெய்ப்புத் திருத்துவது. அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்தே எனக்குத் தலைமுடி நரைத்தது. மிச்ச நேரத்தில் சிறுகதை எழுதுகிறேன். அப்படி எழுதிய ஒரு கதையால் எங்கள் வீட்டுத் தீபாவளிக்கே ஆபத்து வந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவள் அக்கா, நடுவில் அண்ணன், கடைக்குட்டி நான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்த கிள்ளான் டெரஸ் வரிசைவீட்டில் தனியாக இருக்கிறாள். அண்ணனும் அண்ணியும் பங்சாரில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில். வருஷம் முழுக்கச் சத்தமே இல்லாமல் கிடக்கும் அந்தக் கிள்ளான் வீடு தீபாவளியன்று மட்டும் நிரம்பி வழியும். எல்லோரும் அங்கே போவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அம்மாவின் முறுக்கு.

எங்கள் தெருவில் அம்மாவின் முறுக்கைத் தெரியாதவர்கள் கிடையாது. தபால்காரர் தீபாவளி நெருங்கினால் எங்கள் வீட்டுக்குக் கடிதம் இல்லாவிட்டாலும் மணியடிப்பார். அம்மா இறந்த பிறகு அக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். ருசி கொஞ்சமும் மாறவில்லை. தீபாவளி காலையில் அண்ணன் முதல் முறுக்கை அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று கடிப்பார். ஆறடி உயரம், கன்ஸ்ட்ரக்‌ஷன் சைட்டில் ஆட்களை மிரட்டுகிற குரல். ஒரு கடிக்குள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவார்.

அம்மா இறந்த வருஷம் நான் ஒரு நாளிதழின் ஞாயிறு பதிப்பில் அம்மாவின் முறுக்கைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன், பொய்ப் பணிவு எதற்கு? அம்மாவின் பெருவிரல் மாவின் பதத்தைத் தொட்டு அறிவதை ஒரு பத்தி முழுக்க எழுதினேன். முறுக்கு சுடும் நாளில், பிள்ளைகள் கண்ணு பட்டால் எண்ணெய் குடித்துவிடும் என்று அம்மா எங்களை அத்தை வீட்டுக்கு விரட்டிவிடுவதையும், திரும்பி வரும்போது சீரகமும் எண்ணெயும் கலந்த வாசனை வாசல் கேட்டுக்கே வந்து எங்களை அழைத்துப் போவதையும் எழுதினேன். படித்தவர்கள் அழுதார்கள். அக்கா அதைக் கண்ணாடி போட்டு அம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். மாட்டிவிட்டு ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் நடையில் சொக்கிப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து, ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், சொல்லாமல் கொள்ளாமல் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். மணியடித்தும் அக்கா திறக்கவில்லை. சரி, பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள் என்று வரிசை வீடுகளைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போனேன். அங்கே பின்வீட்டுச் சீன ஆன்டி தன் வீட்டுச் சுவருக்கு மேலாக ஒரு பெரிய பிஸ்கட் டின்னை நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, மூடியைத் திறந்து, ஒரு முறுக்கை எடுத்து உடைத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினாள். ஏற்கெனவே காலடியில் இரண்டு டின்கள் இருந்தன.

இன்னொருத்தியாக இருந்தால், "என்னக்கா இது?" என்று கேட்டிருப்பாள். நான் எழுத்தாளராயிற்றே. கேட்டால் பதில் கிடைத்துவிடும். பதில் கிடைத்தால் கதை போய்விடும். சத்தம் போடாமல் திரும்பி நடந்து, அடுத்த ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தேன். அம்மாவின் பெயரைச் சொல்லி ஊரை ஏமாற்றுகிறாளே என்று ஒரு பக்கம் ஆத்திரம். என்ன அருமையான கரு என்று இன்னொரு பக்கம் ஆனந்தம். ஆனந்தம்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கதையில் எல்லாவற்றையும் மாற்றினேன். கிள்ளானை ஈப்போ ஆக்கினேன். தீபாவளியைக் கிறிஸ்துமஸ் ஆக்கினேன். அக்காவை ஒரு கத்தோலிக்க வீட்டுப் பெரியம்மா ஆக்கினேன். முறுக்கைக் கேக் ஆக்கினேன். கடையில் வாங்கிய கேக்கைத் தன் தட்டுக்கு மாற்றி, செத்துப்போன தாயின் கைப்பக்குவம் என்று பெருமையடிக்கும் பெண்ணைப் பற்றிய கிண்டல் கதை. அடுத்த தீபாவளிக்குச் சில வாரம் இருக்கும்போது பத்திரிகையில் வந்தது. வாசகர் வட்டத்தில், தோற்றத்துக்கும் உண்மைக்கும் நடுவே உள்ள இடைவெளியை இந்தக் கதை எப்படித் திறந்துகாட்டுகிறது என்று ஒருவர் கட்டுரை வாசித்தார். தலைமையாசிரியர் கண்ணைத் திறந்தே கேட்டார்.

மறுநாள் அண்ணி போன் செய்தார். அண்ணி வங்கியில் கணக்காய்வுப் பிரிவில் இருந்தவர். எதையும் இரண்டு தடவை பார்ப்பார்.

"கதை படிச்சேன்மா. நல்லாருக்கு. ஒரு டவுட்டு."

"சொல்லுங்கண்ணி."

"அந்தப் பெரியம்மா, கேக் செய்யுற அன்னிக்குப் புள்ளைங்கள வெளிய அனுப்பிடுறாங்க, சரி. கண்ணு பட்டா எண்ணெய் குடிச்சிடும்னு எழுதிருக்கியே, கேக் எங்கம்மா எண்ணெய் குடிக்கும்?"

எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அந்த ஒரு வரியை அப்படியே விட்டிருந்தேன். அடுத்தவர் எழுத்தில் ஒரு ஒற்று விடுபட்டால் ஓட ஓட விரட்டுகிற நான், என் கதையின் கேக்கை வாணலியில் போட்டிருக்கிறேன்.

"அச்சுப்பிழை அண்ணி," என்றேன்.

"ஓ," என்றார் அண்ணி. அந்த ஓவில் எல்லாம் இருந்தது.

அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணியின் செய்தி வந்தது. இந்த வருஷம் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை எல்லோரும் கிள்ளானுக்குப் போய் அக்காவோடு சேர்ந்து முறுக்கு சுடலாம், அம்மாவின் கைப்பக்குவத்தை நாமும் கற்றுக்கொள்ள வேண்டாமா, வீடியோ எடுத்து வைக்கலாம். கீழே ஒரு கைகூப்பு. அதற்கும் கீழே, அக்காவுக்குச் சிரமம் என்றால் இனிமேல் தீபாவளியை எங்கள் கொண்டோவிலேயே வைத்துக்கொள்ளலாம், கீழே ஹால் இருக்கிறது, கேட்டரிங் சொல்லிவிடலாம். அண்ணன் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். அவருக்கு எதுவும் புரிந்திருக்காது; அவர் எல்லாச் செய்திக்கும் கட்டைவிரலை உயர்த்துவார்.

அக்கா என்ன சொல்வாள் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து வந்தது. "வாங்க."

அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் எனக்குத் தனியாக அழைப்பு.

"நாளைக்கு உன் பிளாட்டுக்கு வரேன். பச்சரிசி மாவு, உளுத்தமாவு, எண்ணெய் எல்லாம் வாங்கி வை. நீ இழுத்துவிட்ட வம்பு, நீதான் கூட நிக்கணும்."

அக்கா அம்மாவின் முறுக்கு அச்சைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக நாங்கள் இருவரும் முறுக்கு சுட்டோம். முதலில் பிழிந்தது எண்ணெயில் கரைந்து, பெயரில்லாத ஒரு பண்டமாக மிதந்தது. மாவைக் கெட்டியாக்கினோம், அச்சு இறங்க மறுத்தது. நான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம் பிடித்து முறுக்க, அது சட்டென்று கழன்று மாவு என் கண்ணாடியில் அப்பியது. மூன்றாவது முறை முறுக்கு போலவே ஒன்று வந்தது. ஐந்து நொடி அதை இருவரும் அன்போடு பார்த்தோம். அது பட்டாசு மாதிரி வெடித்து எண்ணெயைச் சுவரெல்லாம் தெளித்தது. எதிர் பிளாட் மலாய்க்கார அக்கா ஓடிவந்து கதவைத் தட்டி, எல்லாம் நலமா என்று விசாரித்தார். தீபாவளி என்றேன். அனுதாபத்தோடு போய்விட்டார்.

"ஏன்க்கா, அம்மா செய்யுறப்ப நீ கூடத்தானே இருந்தே?" என்று எரிந்து விழுந்தேன். "எங்களத்தான் அத்தை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீ மூத்தவ, உன்ன மட்டும் வச்சுக்குவாங்களே!"

"இருந்தேன்."

"அப்புறம் என்னதான் செஞ்சே?"

அக்கா கேஸை அணைத்தாள். "எண்ணெயக் காய வச்சு அதுல ஒரு பிடி சீரகம் போடுவேன். நீங்க திரும்பி வர்ற நேரம் பாத்து."

எனக்குப் புரியவில்லை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அம்மா என்னைக்குடி முறுக்கு சுட்டாங்க?"

கல்யாணமாகி வந்த முதல் தீபாவளியில் அம்மா சுட்ட முறுக்கும் இதேபோல் வெடித்ததாம். பின்சந்தில் நின்று அழுதுகொண்டிருந்தவரைப் பார்த்த சீன ஆன்டி, அப்போது அவரும் புதுப்பெண்தான், சுவருக்கு மேலாக ஒரு டின்னை நீட்டியிருக்கிறார். ஆன்டியின் அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். ஆன்டி தமிழ்ப் பெண்களோடு வளர்ந்து, முறுக்கு சுட அங்கேதான் கற்றுக்கொண்டாராம். எங்கள் அப்பா வீட்டில் எல்லோரும் மருமகளின் முறுக்கைப் புகழ்ந்து தள்ளிவிட்டார்கள். அம்மாவால் அதற்குப் பிறகு பின்வாங்க முடியவில்லை. ஆன்டிக்கோ ஊசியில் நூல் கோக்கவும் வராது. அம்மா தையலில் கெட்டிக்காரர். ஆன்டியின் பிள்ளைகளுக்கு அத்தனை வருஷப் பள்ளி யூனிஃபார்மும் எங்கள் வீட்டு மிஷினில்தான் தைத்து அதே சுவருக்கு மேலாகப் போனது. தைத்தது தன் மருமகள்தான் என்று ஆன்டியின் மாமியார் சாகும்வரை சொந்தக்காரர்களிடம் பெருமையடித்தாராம்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! முதலில் அம்மா மேல். பிறகு சீரகத்தின் மேல். பெருவிரல் மாவின் பதத்தைத் தொட்டு அறியும் என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறேனே, அந்தப் பத்தியைப் பள்ளிக்கூடத்தில் வாசித்துக்காட்டியதாக ஓர் ஆசிரியை நன்றி சொல்லி எழுதினாரே! நான் நிகழ்ந்ததை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அம்மா கட்டிய கதையைப் பிரதியெடுத்திருக்கிறேன்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா? பின்சந்து வரைக்கும் வந்திருக்கே, பாத்திருக்கே, ஆன்டி சொன்னாங்க. நேரா எழுதத்தானே போனே."

"கதையப் படிச்சிட்டாவது சொல்லிருக்கலாம்ல? உன்னப் போயி பித்தலாட்டக்காரி மாதிரி எழுதி வச்சிருக்கேன்!"

"என்ன எழுதுனா எழுதிட்டுப் போ. நான் சொல்லிட்டா அம்மா பேரு கெட்டுப்போயிடும். உங்கண்ணன் அந்த முறுக்கக் கடிச்சுக்கிட்டு நிக்குறத நீ பாத்ததில்லையா?" அக்கா அச்சைத் துடைத்துச் செய்தித்தாளில் மறுபடி சுற்றினாள். "அது இல்லன்னா அந்த வீட்டுக்கு யாருடி வருவா?"

கண் கலங்கியது, எண்ணெய்ப் புகை என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை, அடுப்பை அணைத்து வெகுநேரமாகியிருந்தது. நான் அத்தனை மேடைகளில் பேசிய இடைவெளியில் என் அக்கா இத்தனை வருஷமாகத் தனியாக நின்று, இரண்டு பக்கமும் விழாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

சனிக்கிழமை வந்தது. அண்ணி புது ஏப்ரன் கட்டிக்கொண்டு, போனைப் பொருத்தி வைக்க மூன்று கால் ஸ்டாண்டோடு வந்து இறங்கினார். அண்ணன் ஹாலில் அம்மா படத்துக்குக் கீழே உட்கார்ந்து இப்போதே தயாராகிக்கொண்டிருந்தார்.

அக்கா சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "யாரும் உள்ள வரக்கூடாது. கண்ணு பட்டா எண்ணெய் குடிச்சிடும்."

"ஐயோ, காலம் மாறிடுச்சு லா அக்கா," என்றார் அண்ணி. "இதெல்லாம் இன்னும் நம்புறீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மெதுவாகச் சுவரருகே போய், கண்ணாடி போட்ட என் கட்டுரையைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அம்மா பிள்ளைகளை விரட்டும் பத்தியை, மேடையில் தணியும் அதே குரலில் வாசித்தேன். "முறுக்கு சுடும் அறையில் அம்மா வேறு யாரையும் அனுமதித்ததில்லை" என்ற இடத்தில் அண்ணனின் தோள் குலுங்கியது.

"பேப்பர்லயே வந்திருக்குல்ல," என்றார் அண்ணன், மூக்கை உறிஞ்சியபடி. "அம்மா எப்படிச் செஞ்சாங்களோ அப்படியே செய்யட்டும். வா, நாம பாசார் வரைக்கும் போயி வாழையிலை வாங்கிட்டு வருவோம்."

அண்ணிக்கு எதிர்த்துப் பேச ஆயிரம் காரணம் இருந்தது. அச்சில் வந்ததோடு மல்லுக்கட்ட அவருக்கும் தைரியம் வரவில்லை. ஸ்டாண்டை மடக்கினார்.

கார் தெருமுனை தாண்டியதும் நாங்கள் வேலையைத் தொடங்கினோம். அக்கா எண்ணெயைக் காயவைத்தாள். நான் பின்கதவைத் திறந்து சந்துக்கு ஓடினேன். ஆன்டி டின்களோடு தயாராக நின்றார். முடி முழுக்க வெள்ளை. கை மட்டும் உறுதியாக இருந்தது.

"பாத்துப் புடி, சூடு," என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒங்கம்மா இவ்ளோ சத்தம் போடமாட்டாங்க" என்றார்.

முறுக்கைத் தாம்பாளத்தில் கொட்டினோம். கொஞ்சம் மாவைப் பிசைந்து அச்சிலும் சமையல் மேடையிலும் தடவினோம். அக்காவின் கன்னத்தில் நான் ஒரு கீற்று மாவு பூசினேன். எனக்கே என் கைவேலை பிடித்துப்போய் நெற்றியிலும் பூசப் போனேன். அக்கா கையைத் தட்டிவிட்டாள்.

"போதும். ரெண்டு எடத்துல இருந்தா நடிப்புன்னு தெரிஞ்சிடும்."

இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். இப்படி ஒரு திருத்தத்தை எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் அக்கா ஒரு பிடி சீரகத்தை எண்ணெயில் போட்டாள். சடசடவென்று பொரிந்து அந்த வாசனை எழுந்தது. ஏமாற்று வேலை என்று தெரிந்து, நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தும், அந்த வாசனையில் எனக்கு எட்டு வயதாகி, அத்தை வீட்டிலிருந்து ஓடிவந்து கேட்டைத் தள்ளினேன். அதில் ஒரு துளியும் பொய் இல்லை.

அண்ணன் நேராக உள்ளே வந்து ஒரு முறுக்கை எடுத்து, படத்துக்கு முன்னால் போய்க் கடித்தார். "அம்மா கை," என்றார். பிறகு அழ ஆரம்பித்துவிட்டார். அண்ணி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேடையைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார், அக்காவின் கன்னத்தைப் பார்த்தார். பிறகு அழுதுகொண்டிருக்கும் தன் கணவரைப் பார்த்தார். அண்ணனின் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே முறுக்கைக் கடித்தார்.

"சூடாத்தான் இருக்கு," என்றார். "தீபாவளிக்கு நாங்க காலையிலயே வந்திடுறோம்க்கா."

அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கப்போவதும் இல்லை.

அவர்கள் போன பிறகு நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா காலி டின்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதையும் எழுதத்தானே போறே?" என்றாள் திரும்பாமலே.

"இல்லக்கா. சத்தியமா."

"சும்மா கத விடாத. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." மூடியை அழுத்தி மூடினாள். "எழுதிக்க. ஆனா இந்தத் தடவையாவது ஒழுங்கா மாத்தி எழுது. யாருக்கும் தெரியக்கூடாது."

அக்கா சொன்னபடியே இந்தக் கதையில் ஊரையும் ஆளையும் மாற்றியிருக்கிறேன். எண்ணெய் குடிக்கும் அந்த வரியை மட்டும், பண்டத்துக்குப் பொருந்துகிறதா என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். இந்த முறை பொருந்துகிறது.